ஆலையிலிருந்து அவைக்கு வந்த குரலுக்கு

பேச்சால் பேரவையைப் பிடித்து உலுக்கிய பெருந்தகையே! நூல் நூற்ற கையால் நூல்களைப் புரட்டி, அவை நெறியை அணுவணுவாய்க் கற்றுத் தேர்ந்த ஆற்றலே! கட்சிக் கொடியைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணியத்தை மட்டும் தோளில் சுமந்த காவலரே! அமர்ந்த இருக்கைக்கு அழகு சேர்த்து, அதற்கு ஈடாகத் தம் அமைதியை அடகு வைத்தவரே! இன்றோடு பணி நிறைவு பெற்று எங்களைப் பிரியும் பேரவைத் தலைவர் அவர்களே! செயலகத்து ஊழியர்கள் நாங்கள் எழுந்து நின்று தங்களை வணங்குகிறோம்.

செயலரும், அவைக் காவலரும், ஓட்டுநரும், உணவகத்தாரும், கதவு காப்போரும், துப்புரவுப் பணியாளரும் ஆளுக்கு ஒன்றாய்ச் சொல்லச் சொல்ல, சுருக்கெழுத்துப் பிரிவின் கை எழுதிய மடல் இது. இத்தகைய மடல்களுக்கென்று ஒரு வார்ப்பு எங்களிடம் உண்டு. முதலில் அதில்தான் எழுதினோம். சொல்லுக்குச் சொல் மோனை. அடித்துத் திருத்த ஓர் எழுத்து இல்லை. படித்துப் பார்த்த அவைக் காவலர் உதட்டைப் பிதுக்கினார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல நம்ம ஐயா எங்க இருக்காரு? போன மாசம் ரிட்டயர் ஆன சூப்பிரண்டுக்கும் இதையேதானே படிச்சோம்?"

கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தோம். ஆகவே, ஐயா, இதில் பாராட்டு குறைவாகவும் நடந்தது அதிகமாகவும் இருக்கும். பொறுத்தருள வேண்டும்.

பெற்றோர் முகம் நினைவில் பதியும் முன்பே பெற்றோரை இழந்தவர் தாங்கள். வளர்த்தது அக்கா. பஞ்சாலையில் நூல் சுற்றும் பிரிவில் அவருக்கு வேலை. மீசை அரும்பியதும் அதே ஆலையின் நூற்புப் பிரிவில் தங்களுக்கும் வேலை. அவருக்குப் பகல் ஷிப்டு, தங்களுக்கு ராத்திரி ஷிப்டு. "வீட்டுச் சாவியை ஆலை கேட்டுலதான் கை மாத்திக்குவோம். இருந்தது ஒரே பாய். ஒருத்தர் எழுந்தாத்தான் இன்னொருத்தருக்குப் படுக்க இடம்" என்று தாங்கள் சிரித்துக்கொண்டே சொல்வீர்கள். மாலைப் பள்ளிக்குத் தங்களை அனுப்பியது அந்த அக்கா. தொழிற்சங்கத்தில் சேர்ந்ததற்காக வேலை போனபோது, "போனா போகுது, வாய் இருக்குல்ல, பேசிப் பொழைச்சுக்க" என்று சோறு போட்டதும் அந்த அக்காதான். அந்த வாய்தான் தங்களைத் தேர்தலில் நிறுத்தியது, ஜெயிக்கவும் வைத்தது. ஆலைச் சங்கு ஊதினால் ஊரே கேட்குமல்லவா, அதைப் போல ஒலித்த குரலுக்கு மக்கள் வைத்த பெயர் 'சங்கு'. அந்தப் பெயரோடுதான் இந்த அவைக்குள் நுழைந்தீர்கள்.

மற்ற உறுப்பினர்கள் பேசும்போது எங்கள் பேனா பாதி நேரம் ஓய்வெடுக்கும். அவர்கள் அந்தரத்தில் விட்டுவிட்டுப் போகும் வாக்கியங்களை அச்சுக்கு முன் நாங்கள்தான் முடித்துக் கொடுப்போம். தங்களிடம் அது செல்லாது. எழுவாய் எங்கே தொடங்கியதோ அதை மறக்காமல், நடுவில் நாலு பேர் குறுக்கிட்டாலும் அவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டு வந்து, பயனிலையை நச்சென்று வைப்பீர்கள். "சங்கு எழுந்திருச்சாச்சு" என்று யாராவது உணவகத்தில் சொன்னால் போதும். அமைச்சர்களே தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு ஓடி வருவார்கள். உணவகத்தார் தலையில் அடித்துக்கொள்வார்.

ஆலையில் பறக்கும் பஞ்சுத் தூசியால் நெஞ்சு கெட்டுப்போகிறவர்களுக்கு ஆலையே வைத்தியம் பார்க்க வேண்டும், வாழ்நாள் முழுதும் உதவித்தொகை தர வேண்டும் என்று தாங்கள் சட்டம் கேட்ட நாள் எங்களுக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. அன்றைய தொழில் அமைச்சர் சிரித்தார். பஞ்சு மிருதுவான பொருள், அது யாரைக் கொல்லும் என்றார். தாங்கள் குரலை உயர்த்தவில்லை. முதன்முறையாகத் தாழ்த்தினீர்கள்.

"அமைச்சர் அவர்களே, எங்க அக்கா இருமும்போது பக்கத்துல கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்க. அதுக்கப்புறமும் மிருதுன்னு சொன்னீங்கன்னா, இந்த அவையில நான் வாயே திறக்க மாட்டேன்."

அமைச்சர் போய் உட்காரவில்லை. ஆனால் சட்டம் வந்தது. அன்று மாலை ஆலைப் பெண்கள் கூட்டமாய் வந்தார்கள். தங்கள் அக்கா இந்தக் கட்டடத்தின் நீண்ட நடைகூடத்தில் கதவு காப்போர் ஒவ்வொருவர் கையிலும் மிட்டாய் வைத்துக்கொண்டே போனார். மூச்சு வாங்கியது, சிரிப்பு நிற்கவில்லை.

இங்கே நாங்கள் நிறுத்தியிருந்தால் இது நல்ல மடலாக இருந்திருக்கும்.

தங்கள் கட்சி ஆட்சிக்கு வந்தது. அமைச்சர் பட்டியலில் தங்கள் பெயர் முதலில் இருக்கும் என்றார்கள். அதே சமயம் ஆலை நட்டத்தில் ஓடுகிறது, மூடிவிட்டு இடத்தை விற்கப் போகிறார்கள் என்ற பேச்சும் காதில் விழத் தொடங்கியிருந்தது. ஆலை அரசுக்குச் சொந்தம். அப்போதுதான் முதலமைச்சர் தங்களை அழைத்து, பேரவைத் தலைவர் பதவியைத் தந்தார். அவையிலேயே உயர்ந்த இருக்கை, உழைப்பாளிக்குத் தருகிறேன் என்றார். நெஞ்சு நிறைந்து நேரே அக்கா வீட்டுக்குத்தான் காரை விடச் சொன்னீர்கள். ஓட்டுநர் வாசலில் நின்று கேட்டது இது.

"அக்கா, மந்திரி ஆகட்டுமா, இதுல உட்காரட்டுமா?"

"இதுல எல்லாருக்கும் மேல உட்காரலாமாமே?"

"ஆமா."

"அப்புறம் என்ன யோசனை? நம்மாளு ஒருத்தன் அவ்வளவு உசரத்துல உட்கார்ந்திருந்தா ஆலையை எவன் தொடுவான்? போ, போய் உட்காரு தம்பி."

பதவியேற்ற முதல் நாள் செயலர் தங்கள் அறைக்கு வந்து பக்குவமாய் எடுத்துச் சொன்னார். "ஐயா, இனிமே நீங்க எந்த விவாதத்துலயும் பேச முடியாதுங்க. மத்தவங்களைப் பேச விடலாம், நிறுத்தலாம். அவ்வளவுதான்."

"அதெப்படி? ஸ்பீக்கர்னு பேர் வெச்சிட்டுப் பேசக்கூடாதுங்கறீங்க?"

இருவரும் சிரித்தார்கள். முதலமைச்சர் எதற்காக இந்த நாற்காலியைத் தேடிப் பிடித்துத் தந்தார் என்பது அந்தச் சிரிப்பு அடங்கியபோது தங்களுக்குப் புரிந்துவிட்டது. சிரித்த முகம் அப்படியே மாறியதைச் செயலர் இன்றும் சொல்லி வருந்துவார்.

ஆனாலும் ஏற்றதை எள்ளளவும் குறையாமல் ஆற்றினீர்கள்! எதிர்க்கட்சிக்கு ஒரு நிமிடம் குறைத்ததில்லை. ஆளுங்கட்சிக்கு ஒரு நிமிடம் கூட்டியதில்லை. கேள்விக்குப் பதில் கொண்டுவராத அமைச்சரை, சொந்தக் கட்சிக்காரர் என்றும் பாராமல் நிற்க வைத்தீர்கள். பேச்சு மட்டும் உள்ளேயே தங்கிப்போனது. யாராவது ஆலையைப் பற்றித் தப்பும் தவறுமாய்ப் பேசினால் தங்கள் கை நாற்காலியின் பிடியை இறுக்கும். செயலர் மெல்ல இருமுவார். தாங்கள் அமைதியாவீர்கள். அவை முடிந்ததும் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, சொல்ல முடியாமற்போன பதிலை இரும்பு அலமாரியைப் பார்த்துச் சொல்வீர்கள். உள்ளே யாரோ விருந்தாளி வந்திருக்கிறார் என்றெண்ணி ஒருநாள் உணவகத்தார் இரண்டு தேநீர் கொண்டுவந்தார். தாங்கள் சற்றுக் கூச்சத்தோடு இரண்டையும் குடித்தீர்கள். அதற்குப் பிறகு அவர் எப்போதும் இரண்டாகவே கொண்டுவந்தார். தாங்களும் ஏன் என்று கேட்கவில்லை.

பிறகு அந்த நாள் வந்தது.

ஆலையை மூடும் முடிவைக் கைவிட வேண்டும் என்று எதிர்க்கட்சி ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. ஜெயித்துவிடுவோம் என்ற தெம்பில் முதலமைச்சர் எழுந்து, "இந்த அவை என்ன சொல்கிறதோ அதற்கு அரசு கட்டுப்படும்" என்று உறுதி கொடுத்துவிட்டார். ஆனால் ஆலைப் பகுதிகளிலிருந்து வந்த ஆளுங்கட்சி உறுப்பினர் சிலர் மனம் கேளாமல் எழுந்து தீர்மானத்துக்கு ஆதரவாய்க் கை தூக்கினார்கள். செயலர் எண்ணினார். மறுபடி எண்ணினார். இரு பக்கமும் சமம்.

சமமானால் ஒரே ஒரு வாக்கு மிச்சம் இருக்கிறது. அது தங்களுடையது.

பார்வையாளர் மாடத்தில் ஆலைப் பெண்கள் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தங்கள் அக்கா. கணக்கு அவர்களுக்கும் புரிந்துவிட்டது. கைதட்டக் கூடாது என்பதால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். பக்கத்திலிருந்தவர்களிடம் தங்கள் அக்கா தங்களைச் சுட்டிக் காட்டினார்; 'என் தம்பி' என்று சொல்லியிருப்பார்.

தாங்கள் அவையைச் சற்று நேரம் நிறுத்திவிட்டுப் பின்னறைக்கு வந்தீர்கள். கூடவே செயலர். வாசலில் அவைக் காவலர்.

"என்ன செய்யணும், சொல்லுங்க."

"வழக்கத்தைச் சொல்றேங்க. ரெண்டு பக்கமும் சமமா நின்னா, அவையால முடிவெடுக்க முடியலைன்னு அர்த்தம். தலைவர் தன் ஒரு வாக்கால ஒரு பக்கத்தை ஜெயிக்க வைக்கக்கூடாது. இருக்கறது இருக்கிறபடியே போகட்டும்னு விட்டுடணும். அப்படின்னா தீர்மானத்துக்கு எதிராத்தான் போடணும்."

"சட்டத்துல இருக்கா?"

"இல்லீங்க. வழக்கம்தான். இதுக்கு முன்னாடி இந்த நாற்காலியில உட்கார்ந்த யாரும் மீறினதில்லை."

"மீறினா?"

"யாரும் உங்களை எதுவும் செய்ய முடியாதுங்க. ஆனா இனிமே அந்த நாற்காலியை யாரும் நடுவா நினைக்க மாட்டாங்க."

தாங்கள் வெகுநேரம் அலமாரியைப் பார்த்தபடி நின்றீர்கள். அன்று அதனிடம் எதுவும் பேசவில்லை. பிறகு சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு அவைக்குள் வந்தீர்கள். தீர்மானத்துக்கு எதிராக வாக்களித்தீர்கள். காரணத்தை இரண்டே வாக்கியத்தில் சொன்னீர்கள். அந்த இரண்டையும் எழுதிய கை இதுதான். தங்கள் வாழ்நாளிலேயே மிக மெல்லிய குரலில் சொன்ன வாக்கியங்கள் அவை.

மாடத்தில் யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவைக் காவலர் போய் வெளியேற்ற வேண்டியிருக்கும். அந்த வேலையை அவருக்கு அவர்கள் வைக்கவில்லை. ஒருத்தர் பின் ஒருத்தராய் எழுந்து, செருப்புச் சத்தம் கேட்காமல் படியிறங்கிப் போனார்கள்.

அன்று அறையைப் பூட்டும்போது அவைக் காவலரிடம் தாங்கள் கேட்டீர்கள்: "நான் நியாயத்துக்காகச் செஞ்சேனா, இல்ல பயந்து செஞ்சேனா? நீ வாசல்லதான நின்ன. உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"எனக்குத் தெரியலீங்க ஐயா" என்றார் அவர்.

"எனக்கும் தெரியலைப்பா."

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாமே என்று நாங்கள் அவரைக் கடிந்துகொண்டோம். 'நியாயம்தான்' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் ஐயா அன்று இரண்டு வாய் சாப்பிட்டிருப்பார் அல்லவா என்றோம். அவர் கேட்டார்: "நீங்க யாராவது இருந்தா சொல்லியிருப்பீங்களா?" சரி என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. தவறு என்று சொல்ல மனம் வரவில்லை. இந்த மடலிலும் அதைச் சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை.

மறுநாள் அக்கா வீட்டுக்குப் போனீர்கள். அவர் கதவைச் சாத்தவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டார். தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். வழக்கமாய் வாசலிலேயே "சாப்பிட்டியா?" என்று கேட்பவர் அன்று அதைக் கேட்கவில்லை. வெளியே நின்ற ஓட்டுநருக்கே அது உறைத்தது. தாங்கள் ஏதோ விளக்கிச் சொல்லத் தொடங்கினீர்கள்: அவை, நெறி, வழக்கம். அவர் இருமி முடிக்கும்வரை காத்திருந்து மறுபடி தொடங்கினீர்கள்.

"விடு தம்பி" என்றார் அக்கா. "நீ சொல்றது எனக்குப் புரியாது. எனக்குப் புரியற மாதிரி நீ பேசுவியே, அந்தப் பேச்சு இது இல்லை."

ஆலை மூடப்பட்டது. இயந்திரங்களைப் பழைய இரும்பாய் லாரியில் ஏற்றினார்கள். ஆலைக் குடியிருப்பை இடித்தார்கள். அக்கா தன் மகளோடு ஊருக்கு வெளியே ஒரு வாடகை வீட்டின் மாடியறைக்குப் போனார். படி ஏறும்போது நடுவில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டுதான் ஏறுவாராம். தாங்கள் வாதாடி வாங்கித் தந்த சட்டம் அப்போது அவருக்கு உதவவில்லை. தூசி நோய்க்கு வைத்தியச் செலவு ஆலையின் பொறுப்பு என்றது அந்தச் சட்டம். ஆலையே இல்லாதபோது பொறுப்பு யாருடையது என்று அதில் சொல்லியிருக்கவில்லை. எழுதும்போது அப்படி ஒரு நாள் வரும் என்று யாருக்குத் தோன்றும்? தங்கள் வீட்டுக்கு வந்து இருக்கும்படி கெஞ்சினீர்கள். வரவில்லை. பணம் அனுப்பினீர்கள். அது போன வழியே திரும்பி வந்தது.

அக்கா ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட வாரத்தில்தான் தாங்கள் இந்தப் பதவிக் காலத்திலேயே முதன்முறையாக விடுப்பு எடுத்தீர்கள். துணைத் தலைவர் அவையை நடத்தினார். உறுப்பினர் விடுதிக்கு இன்னொரு மாடி கட்டுவதா வேண்டாமா என்று வாக்கெடுப்பு. பாதிப் பேர் ஊருக்குப் போயிருந்தார்கள். எண்ணிப் பார்த்தால் இரு பக்கமும் சமம்! செயலர் பதறி எழுந்து வழக்கத்தை நினைவூட்டப் போனார்.

"தெரியும், தெரியும், உட்காருங்க" என்று சிரித்துவிட்டு, துணைத் தலைவர் மாடிக்கு ஆதரவாய்த் தன் வாக்கைப் போட்டார். மேசைகளைத் தட்டினார்கள். அடுத்த அலுவலுக்குப் போனார்கள். அவ்வளவுதான், ஐயா. ஒரு மாடிக்காக அந்த வழக்கம் போயிற்று. யாரும் குனிந்து அதை எடுத்துப் பார்க்கக்கூட இல்லை.

செயலர் ஆஸ்பத்திரி வராந்தாவுக்கே வந்து தங்களிடம் அதைச் சொன்னார். மறைத்து வைத்துப் பிறகு பத்திரிகையில் தெரிவதைவிடத் தன் வாயால் தெரியட்டும் என்று வந்தார்.

"யாரும் எழுந்து கேட்கலையா?"

"இல்லீங்க. சிரிச்சாங்க."

தாங்கள் தலையை ஆட்டினீர்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து அக்கா இருந்த அறைக்குள் போனீர்கள். அவர் முகத்தில் மூச்சுக் குழாய் பொருத்திய மூடி. பேச முடியாது. தங்களைப் பார்த்தார், பிறகு கண்ணை மூடிக்கொண்டார் என்று உடனிருந்த மகள் சொன்னார். மன்னித்து மூடினாரா, களைத்து மூடினாரா, காண விரும்பாமல் மூடினாரா என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த வாரமே அவர் போய்விட்டார். தோள் கொடுத்தவர்களில் ஆலைக்காரர் பலர் இருந்தார்கள். தங்களுக்கு இடம் விட்டார்கள். யாரும் தங்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்போது கட்சி தங்களுக்கு மறுபடி போட்டியிட வாய்ப்புத் தரவில்லை. தாங்களும் கேட்கவில்லை. கடைசிக் கூட்டத்தில் எல்லாக் கட்சியும் தங்களைப் புகழ்ந்தது. ஆலை வாக்கெடுப்பில் தாங்கள் காத்த நடுநிலை பொன்னெழுத்தில் பொறிக்கத் தக்கது என்று முதலமைச்சரே சொன்னார். அவர் சொல்லச் சொல்லத் தங்கள் தலை தாழ்ந்துகொண்டே போனதை தங்கள் இருக்கைக்குக் கீழே மேசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்த நாங்கள் பார்த்தோம். பதில் சொல்லத் தாங்கள் எழுந்தபோது அவையில் ஓர் இருக்கை காலியில்லை. விடைபெறும் நாளில் மட்டும் தலைவர் மனம் திறந்து பேசலாம். எந்த வழக்கமும் தடுக்காது. பேனாவை ஊன்றிக் காத்திருந்தோம்.

"அவை ஒத்திவைக்கப்படுகிறது" என்றீர்கள். இறங்கிப் போய்விட்டீர்கள்.

ஐயா, இத்தகைய மடல்களின் முடிவில் நீண்ட ஆயுளையும் நிறைந்த நலத்தையும் வேண்டுவார்கள். நாங்களும் வேண்டுகிறோம். ஆனால் அது தங்களுக்கு எவ்வளவு பாரமான வாழ்த்து என்பது தெரிந்தே வேண்டுகிறோம். ஆலை திரும்பாது. அக்கா திரும்பமாட்டார். அந்த ஒரு வாக்கைத் திரும்ப எடுத்து மறுபக்கம் வைக்க முடியாது. வைத்திருந்தால் மட்டும் எல்லாம் நிலைத்திருக்குமா என்பதும் தெரியாது. ஆறுதலாக ஒரு சொல் தேடினோம். செயலகத்தில் இருந்த அகராதிகளை எல்லாம் புரட்டினோம். கிடைக்கவில்லை.

இந்த விழாவுக்குத் தங்கள் அக்கா மகளை அழைக்கப் போயிருந்தோம். துணிக்கடையொன்றில் நின்றபடியே வேலை பார்க்கிறார். அழைப்பை வாங்கிப் பார்த்துவிட்டு, "மாமா பேசுவாரா?" என்று கேட்டார்.

தெரியாது என்றோம்.

"பேசினா வர்றேன். திட்டணும்னாக்கூட அவர் ஏதாவது பேசினாத்தானே திட்ட முடியும்? வாயே திறக்காதவரை என்ன பண்றது?"

அவர் வந்திருக்கிறார், ஐயா. கூட்டத்தின் கடைசியில் தூணோரமாய் நிற்கிறார். உட்காரச் சொன்னோம், மறுத்துவிட்டார். கடைக்குத் திரும்ப வேண்டுமாம்.

இந்த மடலைப் படித்து முடித்ததும் ஒலிபெருக்கி தங்களிடம் தரப்படும். இங்கே செயலர் இருமமாட்டார். நேரம் முடிந்தது என்று மணி அடிக்க ஆளில்லை. தங்கள் பேச்சு எதையும் சரிசெய்யாது என்பது எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இருந்தாலும் பேசுங்கள். அவருக்குப் புரிகிற மாதிரி பேசுங்கள்.

என்றும் தங்கள் ஆணைக்கு எழுந்து நின்று பழகிய,
பேரவைச் செயலக ஊழியர்கள்